தூண் கான்கிரீட்டில் தேன்கூடு மாதிரி ஓட்டை விழுந்திருக்கிறது, அடுத்து தளம்: கான்கிரீட்டை எப்படிப் போட வைப்பது?

புதுவீடு_புதுக்கோட்டை | மார்ச் 4, இரவு 9.10

அனைவருக்கும் வணக்கம். புதுக்கோட்டைக்கு வெளியே வீடு கட்டிக்கொண்டிருக்கிறோம். கணவர் வெளிநாட்டில் இருப்பதால் வேலையை நான்தான் நின்று பார்க்கிறேன். நான் பள்ளி ஆசிரியை. இந்த எட்டு மாதத்தில் கேட்டும் பார்த்தும் தெரிந்துகொண்டதுதான் எனக்குத் தெரிந்த கட்டுமானம்.

போன வாரம் 11 தூண்களுக்குக் கான்கிரீட் போட்டார்கள். பலகை பிரித்ததும் ஒன்பது தூண்கள் வழவழவென்று இருக்கின்றன. இரண்டில் மட்டும் அடிப்பக்கம், தரையிலிருந்து ஒரு முழம் உயரத்துக்கு, வெறும் ஜல்லியாகத் துருத்திக்கொண்டு நிற்கிறது. ஒன்றில் நான்கு விரலையும் உள்ளே விட முடிகிறது. விரல் நுனியில் கம்பி தட்டுகிறது. மேஸ்திரி, "இதெல்லாம் சகஜம்மா, பூசிவிட்டால் தெரியாது" என்கிறார்.

மார்ச் 20 அன்று தளம் போட நாள் குறித்திருக்கிறோம். 30க்கு 35 அடி, ஐந்து அங்குலக் கனம். மிக்ஸர் மிஷின் வைத்துத்தான் போடப் போகிறார்கள். தூணில் நடந்தது தளத்திலும் நடந்துவிடக் கூடாது என்று பயமாக இருக்கிறது. தூணை என்ன செய்வது? தளத்தன்று நான் எதையெல்லாம் பார்க்க வேண்டும்? சிமென்ட், கம்பியெல்லாம் நல்லதாகத்தான் வாங்கிக் கொடுத்திருக்கிறேன்.

தூக்குக்குண்டு | மார்ச் 4, இரவு 10.25

மேடம், முதலில் அந்த இரண்டு தூண்களிலும் யாரும் பூச்சுக் கரணையை வைக்காமல் பார்த்துக்கொள்ளுங்கள். பூசிவிட்டால் உள்ளே எவ்வளவு ஓட்டை என்று பிறகு யாருக்கும் தெரியாது. நாளைக்கே உங்கள் இன்ஜினியரை வரச்சொல்லி, அவர் கண் முன்னால் சுத்தியலால் தட்டிப் பார்க்கச் சொல்லுங்கள். நல்ல கான்கிரீட் 'டங்' என்று சொல்லும், பொள்ளல் 'டொக்' என்று சொல்லும். 'டொக்' சொல்லும் இடம் முழுவதையும் கெட்டியான கான்கிரீட் தெரிகிற வரை கொத்தி எடுக்க வேண்டும்.

கம்பிக்கு வெளியே மேல்தோலில் மட்டும் பொள்ளல் என்றால் பாலிமர் கலந்த மார்ட்டர் (சிமென்ட், மணல் கலவை) அடைத்துச் சரிசெய்யலாம். நீங்கள் சொல்வது போலக் கம்பி வரைக்கும், கம்பிக்குப் பின்னாலும் போயிருந்தால் மார்ட்டர் போதாது. கொத்தி, கம்பியை பிரஷ்ஷால் தேய்த்து, தண்ணீரில் கழுவி, சுற்றிப் பலகை கட்டி, சுருங்காத க்ரவுட்டோ (ஓடிப் புகும் சிமென்ட் கலவை), மைக்ரோ கான்கிரீட்டோ (பொடி ஜல்லிக் கான்கிரீட்) ஊற்றி நிரப்ப வேண்டும். தளத்தின் எடை தூணில் ஏறுவதற்கு முன்பே இது முடிந்துவிட வேண்டும். இன்னும் 16 நாள் இருக்கிறது, தாராளமாக முடியும்.

இது ஏன் வந்தது என்று பார்ப்போம். தூண் உயரம் எவ்வளவு? ஒரே மூச்சாக மேலிருந்து கொட்டினார்களா?

புதுவீடு_புதுக்கோட்டை | மார்ச் 5, காலை 6.40

நன்றி சார். பத்து அடி. ஒருவர் சாரத்தில் மேலே நின்றுகொண்டு சட்டி சட்டியாக வாங்கி உள்ளே கொட்டினார். கான்கிரீட்டை அதிரவைத்து இறுக்கும் வைப்ரேட்டர் இருந்தது, ஆனால் அதை மேலே மட்டும்தான் விட்டார்கள் என்று நினைக்கிறேன். கீழ்ப்பக்கம் பலகைக்கும் தரைக்கும் நடுவில் சாம்பல் நிறத்தில் தண்ணீர் ஒழுகிக்கொண்டே இருந்தது. அது சாதாரணம் என்று நினைத்துவிட்டேன்.

தூக்குக்குண்டு | மார்ச் 5, காலை 7.30

உங்கள் கேள்விக்கான பதில் அந்தச் சாம்பல் நிறத் தண்ணீரிலேயே இருக்கிறது. அது சிமென்ட் பால். பால் வெளியே போய்விட்டால் உள்ளே மிஞ்சுவது ஜல்லிதானே? ஸ்டார்ட்டருக்கும் (தூணின் அடியில் முதலில் போடும் குட்டைக் கான்கிரீட்) பலகைக்கும் இடையே உள்ள இடுக்கைக் கலவையோ ஸ்பாஞ்சோ வைத்து அடைத்திருக்க வேண்டும்.

இரண்டாவது, பத்து அடி உயரத்திலிருந்து கொட்டியது. கான்கிரீட்டுக்கான இந்தியத் தர விதி ஐ.எஸ். 456 (2000) தடையின்றி விழும் உயரத்துக்குப் பொதுவாகச் சொல்லும் வரம்பு 1.5 மீட்டர், ஏறக்குறைய ஐந்து அடி. அதற்கு மேல் போனால் வழியில் வளையங்களிலும் கம்பியிலும் மோதி, கனமான ஜல்லி முதலில் அடிக்குப் போய்விடும். கலவை கம்பியில் ஒட்டிக்கொண்டு பின்னால் வரும். அந்த அடி ஒரு முழம்தான் உங்கள் கைக்குத் தட்டுப்பட்டது.

ஐந்து ஐந்து அடியாக இரண்டு தடவையில் ஏற்றலாம். அல்லது பலகையின் நடுவில் ஒரு ஜன்னல் விட்டு, பாதி உயரம் வரை அதன் வழியாகப் போட்டுவிட்டு மூடலாம். அகலமான குழாயை உள்ளே இறக்கி அதன் வழியாகவும் விடலாம். எப்படிப் போட்டாலும் முதல் சட்டி ஜல்லிக் கலவையாக இருக்கக் கூடாது. அதே விகிதத்தில் சிமென்டும் மணலும் மட்டும் கலந்து ஓரிரண்டு அங்குலம் அடியில் போட்டு, அதன் மேல் கான்கிரீட்டை விட்டால் ஜல்லி அதற்குள் புதைந்து உட்காரும். ஒன்றரை அடிக்கு ஒரு முறை வைப்ரேட்டரின் நீடிலை (அதிரும் தண்டு) இறக்கி எடுக்க வேண்டும். மேலே நிரம்பிய பிறகு பத்து அடி ஆழத்துக்கு நீடில் போய் என்ன செய்துவிட முடியும்?

சிமென்டும் கம்பியும் நல்லதாக வாங்கினேன் என்றீர்கள். மிக்ஸரை விட்டு வெளியே வரும்போது உங்கள் கான்கிரீட் நல்லதாகத்தான் இருந்திருக்கும். மிக்ஸருக்கும் தூணுக்கும் நடுவில் இருந்த அந்தக் கால் மணி நேரத்தில்தான் கெட்டது. 22 வருடமாக இதைத்தான் பார்த்துக்கொண்டிருக்கிறேன். காசு முழுவதும் பொருளுக்குப் போகிறது, கவனம் போடுகிற விதத்துக்குப் போவதில்லை.

மணப்பாறை_மேஸ்திரி | மார்ச் 5, மதியம் 1.15

வணக்கம். 30 வருடமாகக் கொத்து வேலை பார்க்கிறவன். இன்ஜினியர் சார் சொன்னது சரிதான், மறுக்கவில்லை. ஆனால் எங்கள் பக்கத்தையும் சொல்ல வேண்டும்.

தூணும் பீமும் சேருகிற இடத்தில் நான்கு பக்கக் கம்பியும் பின்னிக்கொண்டு கிடக்கும். கட்டை விரல்கூட நுழையாது. அதில் புத்தகத்தில் எழுதியபடி கெட்டியான கலவையைப் போட்டால் மேலேயே உட்கார்ந்துகொள்ளும். அதனால்தான் ஆட்கள் தண்ணீர் கேட்கிறார்கள். தளத்திலும் அப்படித்தான். வெயிலில் மிக்ஸரிலிருந்து மேலே போய்ச் சேருவதற்குள் கலவை இறுகிவிடுகிறது. இழுக்கிறவனுக்குக் கை வலிக்கிறது. "கொஞ்சம் தண்ணி விடு" என்கிறான். சோம்பேறித்தனம் என்று ஒரு வார்த்தையில் ஒதுக்கிவிடாதீர்கள்.

தூக்குக்குண்டு | மார்ச் 5, மாலை 6.50

மேஸ்திரி அண்ணே, நீங்கள் சொல்வதை முழுவதும் ஏற்கிறேன். கலவை இளக்கமாக இருக்க வேண்டும் என்று ஆட்கள் கேட்பதில் தப்பே இல்லை. அந்த இளக்கத்தைத் தண்ணீரால் கொண்டுவருவதில்தான் தப்பு.

1918இல் சிகாகோவில் டஃப் ஏப்ரம்ஸ் என்பவர் ஏராளமான மாதிரிகளை உடைத்துப் பார்த்துவிட்டுச் சொன்னது இன்றுவரை மாறவில்லை: சிமென்டின் எடைக்குத் தண்ணீர் எவ்வளவு என்ற விகிதம் ஏற ஏற பலம் இறங்கும். சிமென்ட் இறுகுவதற்கு வேண்டிய அளவுக்கு மேல் ஊற்றிய தண்ணீர் பிறகு ஆவியாகிப் போகும். அது இருந்த இடமெல்லாம் கண்ணுக்குத் தெரியாத துளையாக நிற்கும்.

எம்20 தரக் கான்கிரீட்டுக்கு சிமென்ட், மணல், ஜல்லி 1:1.5:3 என்று போடும்போது, 50 கிலோ மூட்டை ஒன்றுக்கு ஐ.எஸ். அட்டவணை அனுமதிக்கிற உச்சம் 30 லிட்டர். எம்-சாண்ட் (பாறையை உடைத்த மணல்) ஈரமாக வந்திருந்தால் அந்த ஈரமும் இந்த முப்பதுக்குள்தான் அடக்கம். நான் என் சைட்டில் 25லிருந்து 27க்குள் நிறுத்தி, மீதி இளக்கத்துக்கு பிளாஸ்டிசைசர் என்கிற இளக்கும் ரசாயனம் விடுகிறேன். கேனில் போட்டிருக்கும் அளவைத் தாண்டாமல் கலவைத் தண்ணீரிலேயே கலந்துவிட வேண்டும். கம்பி அடர்ந்த இடத்துக்கு முக்கால் ஜல்லியை விட்டுவிட்டு அரை இன்ச் ஜல்லி போட்டுத் தனியாக நான்கு மிக்ஸ் அடியுங்கள். 40 மி.மீ. நீடில் நுழையாத இடத்தில் 25 மி.மீ. நீடில் நுழையும். வாடகைக்குக் கிடைக்கிறது.

மணப்பாறை_மேஸ்திரி | மார்ச் 5, இரவு 8.05

அரை ஜல்லி யோசனை நல்லது. நாங்களும் சில இடத்தில் செய்வோம். ஆனால் அதற்கென்று ஒரு லோடு இறக்கித் தருகிற வீட்டுக்காரர் குறைவு. இன்ஜினியரும் வரைபடத்திலேயே கம்பியைக் கொஞ்சம் பிரித்துப் போட்டால் எங்களுக்குப் பாதி வேலை மிச்சம்.

தூக்குக்குண்டு | மார்ச் 5, இரவு 8.20

அது எங்கள் மேல் உள்ள நியாயமான குறை அண்ணே.

ஆர்எம்சி_ஓட்டம் | மார்ச் 6, காலை 11.30

கான்கிரீட்டைக் கலந்து லாரியில் அனுப்பும் ரெடிமிக்ஸ் பிளான்டில் க்வாலிட்டி பார்க்கிறேன். லாரி வந்து நின்றதும் பம்ப்காரர் குழாயை எடுத்துக் கொஞ்சம் தண்ணீர் விடுவதைப் பலரும் பார்த்திருப்பீர்கள். 6 கன மீட்டர் லாரிக்கு நூறு லிட்டர் விட்டால் என்ன ஆகும்? கன மீட்டருக்கு 320 கிலோ சிமென்ட் என்றால் மொத்தம் 1920 கிலோ. நூறு லிட்டரில் தண்ணீர் விகிதம் 0.05 ஏறிவிடும். 0.50க்கு வடிவமைத்தது 0.55 ஆகிவிட்டது. நீங்கள் காசு கொடுத்தது ஒரு தரத்துக்கு, தளத்தில் கிடப்பது அதற்குக் கீழே.

லாரி சீட்டில் ஏற்றிய நேரம் இருக்கும், அதைப் பாருங்கள். ஏற்றியதிலிருந்து இரண்டு மணி நேரத்துக்குள் இறக்கிவிட வேண்டும் என்பது விதி. பம்ப் குழாயை வழுக்க வைக்க முதலில் விடும் சிமென்ட் பாலை பீமுக்குள் விடாமல் வெளியே பிடித்துக் கொட்டச் சொல்லுங்கள். இதை அனேகமாக யாரும் செய்வதில்லை. அந்த இடம் முழுக்க ஜல்லி இல்லாத வெறும் பாலாக இறுகிவிடும்.

பைல்ரிக்_சென்னை | மார்ச் 6, இரவு 11.00

தலைப்பிலிருந்து கொஞ்சம் விலகுகிறேன். தூணில் பத்து அடி என்றால், பைல் (நிலத்துக்குள் இறக்கும் அடித்தளத் தூண்) போடும் எங்களுக்கு 80 அடி ஆழம். அதுவும் குழிக்குள் பென்டோனைட் தண்ணீர் (குழி சரியாமல் தாங்கும் களிமண் கரைசல்) நிறைந்திருக்கும். அதில் கான்கிரீட்டை மேலிருந்து விட்டால் சிமென்ட் கழுவிக்கொண்டு போய்விடும். ட்ரெமி குழாயைக் குழியின் அடிவரை இறக்கி, அதன் வழியாகக் கான்கிரீட்டை அனுப்புவோம். அது கீழிருந்து எழும்பி, பென்டோனைட்டை மேலே தள்ளிக்கொண்டு வரும். குழாயின் முனை எப்போதும் ஒன்றரை, இரண்டு மீட்டராவது கான்கிரீட்டுக்குள் புதைந்திருக்க வேண்டும்.

நான் வேலைக்குச் சேர்ந்த புதிது. நள்ளிரவு, அடுத்த லாரிக்காகக் காத்திருந்தோம். குழாய் இறுகிவிடக் கூடாது என்று ஆபரேட்டர் கொஞ்சம் கொஞ்சமாகத் தூக்கி ஆட்டிக்கொண்டிருந்தார். ஒரு தூக்கில் முனை கான்கிரீட்டை விட்டு வெளியே வந்துவிட்டது. யாரும் கவனிக்கவில்லை, மறுபடி இறக்கித் தொடர்ந்தோம். பின்னால் சோதனையில் 40 அடி ஆழத்தில் அந்த பைல் அறுந்திருப்பது தெரிந்தது. ஒரு கை அளவுக்குச் சேறு நடுவில் புகுந்திருந்தது. பக்கத்தில் இரண்டு பைல் புதிதாகப் போட்டுத்தான் மீள முடிந்தது. அன்றிலிருந்து குழாயின் நீளத்தையும் கான்கிரீட் மட்டத்தையும் ஒவ்வொரு லாரிக்கும் கயிறு விட்டு அளந்து நோட்டில் எழுதாமல் நான் குழாயைத் தொடவிட்டதில்லை.

புதுவீடு_புதுக்கோட்டை | மார்ச் 8, மாலை 5.20

இன்ஜினியர் வந்து பார்த்தார். இரண்டு தூணையும் தட்டிக் காட்டினார். நீங்கள் சொன்ன 'டொக்' சத்தம் எனக்கே கேட்டது. ஒன்றில் ஒரு முழம் உயரம், மூன்று அங்குல ஆழம். முட்டுக் கொடுத்துவிட்டுக் கொத்தச் சொல்லியிருக்கிறார். க்ரவுட் மூட்டையும் எழுதிக் கொடுத்துவிட்டார். மேஸ்திரி முதலில் முகம் சுளித்தார், பிறகு அவரே உட்கார்ந்து கொத்தினார். கொத்தி முடித்ததும் பார்த்தால் தூணின் ஒரு மூலைக் கம்பி முழுதாக வெளியே நிற்கிறது. பூச்சுக்குள் இதை மூடியிருப்போம் என்று நினைத்தாலே வயிற்றைப் பிசைகிறது.

தளத்துக்கு வருவோம். எந்தப் பக்கத்திலிருந்து தொடங்க வேண்டும் என்பதில்கூட ஆளுக்கு ஒன்று சொல்கிறார்கள்.

தூக்குக்குண்டு | மார்ச் 8, இரவு 9.45

கணக்கு போட்டுப் பார்ப்போம் மேடம். கணக்கு தெரிந்தால் எங்கிருந்து தொடங்குவது என்பது தானாகவே வந்துவிடும்.

30க்கு 35, ஐந்து அங்குலம் என்றால் 437 கன அடி, ஏறக்குறைய 12.4 கன மீட்டர். தளத்துக்குக் கீழே தொங்கும் பீம்களையும் சேர்த்தால் 16 என்று வைத்துக்கொள்ளுங்கள். கன மீட்டருக்கு எட்டு மூட்டை வீதம் 128 மூட்டை. ஒரு மூட்டை மிஷின் என்றால் 128 மிக்ஸ். போட்டது முதல் கொட்டியது வரை ஒரு மிக்ஸுக்கு நான்கு நிமிடம் (அதில் மிஷினுக்குள் இரண்டு நிமிடமாவது முழுதாகச் சுற்ற வேண்டும்). எட்டரை மணி நேரம் ஆகிறது. காலை ஐந்தரைக்குத் தொடங்கினால்தான் சாப்பாட்டு நேரம் போக மூன்றரைக்குள் முடியும்.

இனி பட்டை. ஐந்து அங்குலக் கனத்தில் ஒரு மூட்டை ஒரு சதுர மீட்டரை மூடும். 30 அடிப் பக்கமாக மூன்று அடி அகலத்துக்கு ஒரு பட்டை போட்டால் ஒன்பது மிக்ஸுக்குக் கொஞ்சம் குறைவு. 35 நிமிடம். அடுத்த பட்டையை அதே முனையிலிருந்து தொடங்கினால், பக்கத்தில் இருக்கும் கான்கிரீட்டுக்கு 35 நிமிட வயது. இன்னும் இளசாக இருக்கும், நீடில் விட்டால் இரண்டும் ஒன்றாகக் கலந்துவிடும். பட்டையை ஆறு அடி ஆக்கினால் 70 நிமிடம் ஆகிவிடும். பங்குனி வெயிலில் அதற்குள் ஓரம் இறுகத் தொடங்கிவிடும். அங்கேதான் பிற்பாடு மழைத் தண்ணீர் இறங்குகிற கோடு விழும். ஆகவே குட்டைப் பக்கமாக, குறுகிய பட்டையாகப் போடுங்கள். மேலே உள்ளவர்களுக்கு நூல் பிடித்துக் காட்டிவிடுங்கள்.

கான்கிரீட்டை மேலே ஏற்றும் லிஃப்ட் எந்த மூலையில் நிற்கிறதோ அதற்கு எதிர்மூலையில் தொடங்கி, லிஃப்டை நோக்கிப் பின்வாங்கி வர வேண்டும். அப்போதுதான் போட்ட கான்கிரீட்டின் மேல் யாரும் நடக்க மாட்டார்கள். புதுச் சட்டியை ஏற்கெனவே போட்ட கான்கிரீட்டின் முகத்தோடு சேர்த்துக் கொட்ட வேண்டும். தள்ளிக் கொட்டிவிட்டு இழுத்துச் சேர்த்தால் ஜல்லி உருண்டு ஒரு பக்கமும் கலவை ஒரு பக்கமுமாகப் போகும். எந்த இடத்துக்கு வேண்டுமோ அங்கேயே கொட்டச் சொல்லுங்கள்.

வைப்ரேட்டர்காரர் அன்றைக்கு முக்கியமான ஆள். வேகமாக உள்ளே, மெதுவாக வெளியே. அடிக்கு ஒரு குத்து. குமிழி வருவது நின்று, மேலே பால் மினுங்கியதும் எடுத்துவிட வேண்டும். பீமில் செங்குத்தாகவும், தளத்தில் கனம் குறைவு என்பதால் சாய்த்தும் விடலாம். நீடிலைப் படுக்கப்போட்டுக் கான்கிரீட்டை இழுப்பதற்கு மண்வெட்டி மாதிரி பயன்படுத்துவதைப் பார்த்தால் உடனே நிறுத்துங்கள். ஐந்து சதவீதம் காற்று உள்ளே நின்றாலே பலம் 30 சதவீதம் வரை குறைந்துவிடும். இரண்டாவது வைப்ரேட்டர் ஒன்று பெட்ரோல் மோட்டாரில் ஓடக்கூடியதாகப் பக்கத்தில் இருக்கட்டும். கரன்ட் போனால் கான்கிரீட் காத்திருக்காது.

ராமநாடு_சூப்பர்வைசர் | மார்ச் 9, காலை 8.15

அக்கா, கான்கிரீட்டைப் பார்க்கும் அவசரத்தில் கம்பியைப் பார்க்காமல் விட்டுவிடாதீர்கள். முக்கியமாக சன்ஷேடும் பால்கனியும். தளத்தின் நடுவில் முக்கியக் கம்பி கீழே. சன்ஷேடில் மேலே. சுவரிலிருந்து வெளியே நீட்டிக்கொண்டிருப்பதால் இழுவிசை மேல் பக்கத்தில் வரும்.

நான் வேலை பழகிய காலத்தில் எங்கள் ஊரில் ஒரு வீடு. சன்ஷேடு கம்பியைக் கட்டியபோது சரியாக மேலேதான் இருந்தது, நானே பார்த்தேன். கான்கிரீட் அன்று அதன் மேல் ஏறி நின்றுதான் இரண்டு பேர் சட்டி வாங்கிக் கொட்டினார்கள். கீழே கம்பிக்கு அடியில் வைக்கும் கவர் பிளாக் கட்டை இருந்தது, மேல் கம்பியைத் தாங்கும் வளைகம்பி, அதாவது சேர், இல்லை. மிதித்து மிதித்துக் கம்பி அடிக்குப் போய்விட்டது. பலகை பிரித்த அன்று மதியம் சாப்பிட உட்கார்ந்திருக்கிறோம், முட்டுகளை எடுத்த சன்ஷேடு சுவரோரம் கீறிக்கொண்டு மடிந்து தொங்கியது. நிழலுக்கு அதன் கீழே உட்கார்ந்திருந்த சித்தாள் அக்கா தண்ணீர் குடிக்க எழுந்து போயிருந்தார். அந்த ஒரு நிமிடத்தை இப்போதும் கனவில் பார்க்கிறேன்.

நடப்பதற்குப் பலகை போட்டு, அந்தப் பலகையைக் கம்பியில் வைக்காமல் கட்டை கொடுத்துத் தூக்கி வையுங்கள். பீம் மேல் வரும் டாப் ராடுக்கும் இதேதான். கம்பி கட்டிய ஆட்களில் ஒருவரைக் கான்கிரீட் முடியும்வரை மேலேயே நிறுத்துங்கள். மிதிபட்ட கம்பியைத் தூக்கிவிடுவது மட்டும்தான் அன்று அவர் வேலை.

புதுவீடு_புதுக்கோட்டை | மார்ச் 9, இரவு 9.30

படிக்கும்போதே உடம்பு சிலிர்க்கிறது தம்பி. கட்டாயம் செய்கிறேன். சேர் எத்தனை என்று நாளையே எண்ணிவிடுகிறேன்.

இன்னும் ஒன்று. நடுவில் மிஷின் நின்றுவிட்டால், அல்லது மழை வந்துவிட்டால்?

மணப்பாறை_மேஸ்திரி | மார்ச் 10, காலை 6.10

இதற்கு நான் சொல்கிறேன். நின்ற இடத்தில் அப்படியே சரிவாக விட்டுவிட்டுப் போகக் கூடாது. சரிவின் நுனி மெல்லிசாக இருக்கும், அது ஒட்டாது. இரண்டு பீமுக்கு நடுவில், நீளத்தின் நடு மூன்றில் ஒரு பங்கு எங்கே வருகிறதோ அங்கே கொண்டுபோய் நிறுத்த வேண்டும். பீமை ஒட்டி நிறுத்தவே கூடாது. கம்பிக்கு வெட்டு விட்ட ஒரு பலகையைக் குத்துக்கு நிறுத்தி, அதுவரை முழுக் கனத்துக்குப் போட்டு முடிக்க வேண்டும். எங்கே நிறுத்தலாம் என்று முதல் நாளே இன்ஜினியரிடம் கேட்டுப் பலகையில் சுண்ணாம்பால் கோடு போட்டு வையுங்கள். மறுநாள் அந்த முகத்தைக் கம்பி பிரஷ்ஷால் ஜல்லி தெரியத் தேய்த்து, கழுவி, சிமென்ட் பால் அடித்து, அது காய்வதற்குள் புதுக் கான்கிரீட்டைச் சேர்க்க வேண்டும்.

மழைக்குத் தார்ப்பாய். நாள் வாடகைதான்.

தண்ணீருக்கு ஒரு வழி சொல்கிறேன் அம்மா. காலிப் பெயின்ட் வாளியில் 13 லிட்டருக்குக் கோடு கிழித்துக் கொடுங்கள். மூட்டைக்கு இரண்டு வாளி. அந்த ஒரு வாளியைத் தவிர மிஷின் பக்கத்தில் வேறு வாளியோ ஹோஸோ இருக்கக் கூடாது. நான் இப்போது என் சைட்டில் அப்படித்தான் செய்யச் சொல்லியிருக்கிறேன். இந்த இழையைப் படித்த பிறகுதான்.

தூக்குக்குண்டு | மார்ச் 10, காலை 7.00

அண்ணே, கைகுடுங்கள்.

வெயிலுக்கு இரண்டு வார்த்தை. ஜல்லிக் குவியலில் முந்தின மாலையே தண்ணீர் தெளித்து, சாக்கு போட்டு நிழலில் வையுங்கள். பலகையையும் கம்பியையும் நனைத்துவிட்டுப் போடுங்கள், ஆனால் பலகையில் தண்ணீர் தேங்கியிருக்கக் கூடாது. மணியாஸ்கட்டையால் தேய்த்து முடித்த பரப்பில் இரண்டு மணி நேரத்தில் தலைமுடி மாதிரி கீறல் தெரிந்தால் பயப்பட வேண்டாம். அது காற்றும் வெயிலும் மேல் ஈரத்தை உறிஞ்சியதால் வருவது. கான்கிரீட் இளசாக இருக்கும்போதே மறுபடி கட்டை போட்டுத் தேய்த்தால் மூடிக்கொள்ளும். அதன் மேல் சிமென்ட் பொடியைத் தூவித் தண்ணீர் தெளித்து மெழுகுவார்கள், பார்க்க அழகாக இருக்கும். பிறகு அந்தத் தோல் செதில் செதிலாக உரியும். விடாதீர்கள். மாலையில் ஈரச்சாக்கு, மறுநாள் காலை பாத்தி கட்டித் தண்ணீர்.

நீங்கள் வாங்கியது பிபிசி (PPC, சாம்பல் கலந்த) சிமென்ட் என்றால் ஏழு நாள் தண்ணீர் போதாது. பத்து நாள் கட்டாயம், 14 நாள் நிறுத்தினால் நிம்மதி. பலம் சோதிக்க மூன்று க்யூப் (கான்கிரீட் கனசதுர மாதிரி) செட் எடுக்க அச்சு கொண்டுவரச் சொல்லுங்கள். உங்கள் அளவுக்கு அதுதான் கணக்கு. காலையில் ஒன்று, நடுவில் ஒன்று, கடைசியில் ஒன்று. மூன்று அடுக்காகப் போட்டு, ஒவ்வோர் அடுக்குக்கும் 35 குத்து.

புதுவீடு_புதுக்கோட்டை | மார்ச் 21, காலை 10.00

தளம் போட்டாயிற்று. முழுதாக எழுதுகிறேன், உங்கள் எல்லோருக்கும் நான் பட்ட கடன் அது.

ஐந்தரைக்குச் சூடம் காட்டித் தொடங்கினோம். முதல் பட்டையிலேயே மேலே இருந்தவர் "தண்ணி பத்தல" என்று குரல் கொடுத்தார். எங்கள் மேஸ்திரி என்னைப் பார்த்தார். நான் வாளியைப் பார்த்தேன். "பிளாஸ்டிசைசர் போட்ட தண்ணி, கோடு வரைக்கும்தான். நீடிலை விடு, இளகும்" என்று அவரே திரும்பிச் சொன்னார். விட்டதும் அப்படியே நெளிந்து இறங்கியது. அதற்குப் பிறகு யாரும் கேட்கவில்லை.

பதினொரு மணிக்கு மிக்ஸர் பெல்ட் அறுந்தது. மாற்ற 25 நிமிடம் ஆயிற்று. எனக்குக் கை கால் ஓடவில்லை. சுண்ணாம்புக் கோடு வரை பலகை வைக்கத் தயாராக இருந்தார்கள். ஆனால் பட்டை குறுகலாக இருந்ததால் ஓரம் இன்னும் இளசாகவே இருந்தது. இன்ஜினியர் விரலால் அழுத்திப் பார்த்து, நீடிலைப் பழையதும் புதியதும் சேரும் இடத்தில் விட்டு, தொடரலாம் என்றார். கம்பித் தம்பி ஒருவர் நாள் முழுதும் கொக்கியோடு மேலேயே நின்றார். எத்தனை முறை டாப் ராடைத் தூக்கினார் என்று எண்ணிப் பார்த்தேன், 17 வரை எண்ணினேன். அத்தனையும் கான்கிரீட்டுக்குள் மிதிபட்டே கிடந்திருக்கும்.

நான்கு மணிக்கு முடிந்தது. எல்லோருக்கும் கறிச்சோறு. இன்று காலை பாத்தி கட்டித் தண்ணீர் விட்டோம்.

ஆர்எம்சி_ஓட்டம் | மார்ச் 21, மதியம் 12.40

அருமை மேடம். க்யூப் ரிசல்ட் வந்ததும் போடுங்கள்.

புதுவீடு_புதுக்கோட்டை | ஏப்ரல் 12, மாலை 6.30

தாமதத்துக்கு மன்னிக்கவும், பள்ளியில் தேர்வு நேரம். ஏழாம் நாள் க்யூப் மூன்று செட்டும் சதுர மி.மீ.க்கு 15 நியூட்டனுக்கு மேல் வந்திருக்கிறது. 28ஆம் நாளுக்கு இன்னும் சில நாள் இருக்கிறது.

இன்று பலகை பிரித்தார்கள். 23 நாள் ஆகிவிட்டது. முட்டுகளை நடுவிலிருந்து ஓரத்துக்கு ஒவ்வொன்றாக எடுத்தார்கள். பால்கனியில் மட்டும் வெளிநுனியிலிருந்து சுவரை நோக்கி. டார்ச் அடித்து அடிப்பக்கம் முழுவதையும் அங்குலம் அங்குலமாகப் பார்த்தேன். பலகையின் மரவரி அப்படியே பதிந்திருக்கிறது. தூணும் பீமும் சேரும் இடத்தில், அரை ஜல்லி போட்ட இடத்தில், ஒரு பொள்ளல்கூட இல்லை. சமையலறை மூலையில் உள்ளங்கை அளவுக்கு ஜல்லி தெரிகிறது, ஆணி போகாத அளவுக்குக் கெட்டியாக இருக்கிறது. பெல்ட் அறுந்த இடம் எது என்று தேடினேன், கண்டுபிடிக்க முடியவில்லை. எங்கள் மேஸ்திரி அண்ணாந்து பார்த்துக்கொண்டே நின்றார். "அடுத்த வீட்டுக்கும் அந்த வாளியை எடுத்துக்கிட்டுப் போறேம்மா" என்றார்.

புதன்கிழமை படிக்கட்டுக்குக் கான்கிரீட். அதில் ஏதாவது தனியாகப் பார்க்க வேண்டுமா?

மணப்பாறை_மேஸ்திரி | ஏப்ரல் 12, இரவு 7.45

கீழ்ப்படியிலிருந்து மேலே ஏறி வரச் சொல்லுங்கள் அம்மா. மேலிருந்து தொடங்கினால் வழிந்துகொண்டே வரும். மடிப்பில், அதாவது சரிவும் லேண்டிங்கும் சேரும் இடத்தில், கம்பி கிராஸாகப் போயிருக்கிறதா என்று பலகையை அடைப்பதற்கு முன் ஒரு போட்டோ எடுத்துப் போடுங்கள், பார்த்துச் சொல்கிறேன்.